ஓட்டுபவர் பெயரில் வண்டி இருக்கட்டும்

ஹனோய் நகரின் பழைய வணிகத் தெருக்களில், பயணியர் விடுதி வாசலிலேயே மோட்டார் சைக்கிள் விற்பனை நடக்கும். தெற்கே ஹோ சி மின் நகரத்தில் வாங்கி, சுமார் 1,700 கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு வடக்கே வந்து சேர்ந்த வெளிநாட்டு இளைஞர், விமானம் ஏறுவதற்கு முன் தன் வண்டியை அங்கே விற்பார். வாங்கியவர் அதே வண்டியைத் தெற்கே ஓட்டிப்போய், அங்கே இன்னொரு பயணியிடம் விற்பார். ஹோண்டா வின் என்ற பழைய 100 சிசி வண்டியும், அதைப் பார்த்துச் செய்த சீன வண்டிகளும் பல ஆண்டுகளாக இப்படித்தான் கை மாறி வந்திருக்கின்றன. எஞ்சினைக் கிளப்பிப் பார்ப்பதற்கு முன்பே வாங்குபவர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “நீல அட்டை இருக்கிறதா?”

நீல அட்டை என்று வெளிநாட்டவர் சொல்வது வண்டியின் பதிவுச் சான்றை. நம் ஊரில் ஆர்.சி. புத்தகம். அட்டை பெரும்பாலும் இருக்கும். ஆனால் அதில் உள்ள பெயர் விற்பவருடையது அல்ல. அவருக்கு விற்றவருடையதும் அல்ல. பல ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஒரு மாகாணத்தில் அந்த வண்டியைப் புதிதாக எடுத்த, இன்று அது எந்தச் சாலையில் ஓடுகிறது என்றே அறியாத ஒரு வியட்நாம்காரருடையது. பயணிகள் இதைப் பொருட்படுத்துவதில்லை. அட்டை கையில் இருந்தால் காவலர் விட்டுவிடுவார், அடுத்தவருக்கு விற்கவும் முடியும். அதற்கு மேல் அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்பார்கள்.

அதற்கு மேல் வேண்டியது ஒன்று இருக்கிறது. பதிவுச் சான்று, வண்டி வைத்திருப்பவரின் வசதிக்காக உண்டான காகிதம் அல்ல. அந்த வண்டி யார் மீதாவது மோதினால், அடிபட்டவர் யாரிடம் போய் நியாயம் கேட்பது என்பதற்காக அரசு எழுதி வைக்கும் பெயர் அது. அந்த இடத்தில் சம்பந்தமே இல்லாத ஒருவரின் பெயர் இருந்தால், சாலையோரம் கூடையில் காய்கறி விற்றுக்கொண்டிருந்து அடிபட்ட பெண்ணுக்குப் பதில் சொல்ல ஆளே இல்லை என்று பொருள். வெளிநாட்டில் வண்டி ஓட்டுவதைப் பற்றிய பேச்செல்லாம் பயணியின் அலைச்சலைப் பற்றியே இருக்கிறது. அடிபடுபவரிடமிருந்து அது தொடங்க வேண்டும் என்பதே என் கருத்து.

வியட்நாமில் பதிவான மோட்டார் சைக்கிள்கள் 7 கோடிக்கும் மேல். மக்கள்தொகையே சுமார் 10 கோடிதான். பெயர் மாற்றாமல் வண்டி கை மாறும் பழக்கம் வெளிநாட்டவர் கொண்டுவந்தது அல்ல. கிராமத்து அண்ணன் வாங்கிய வண்டியை நகரத்துக்கு வேலைக்குப் போன தம்பி ஓட்டுவார்; தம்பி அதை நண்பருக்கு விற்பார்; கையெழுத்துப் போடப் பழைய உரிமையாளரைத் தேடி யாரும் நானூறு கிலோமீட்டர் போக மாட்டார்கள். நம் மாவட்டங்களிலும் இதே கதைதான். இதைச் சரிசெய்ய வியட்நாமின் பொதுப் பாதுகாப்பு அமைச்சகம் 2014-லும் 2020-லும் சுற்றறிக்கை வெளியிட்டு, இடையில் உள்ள விற்பனைப் பத்திரங்கள் இல்லாவிட்டாலும் கடைசியாக வண்டியை வைத்திருப்பவர் தன் பெயரில் பதிந்துகொள்ளலாம் என்று கால அவகாசம் கொடுத்தது. வண்டியை வாங்கிவிட்டுப் பெயர் மாற்றாதவருக்கு 2025 ஜனவரி முதல் 8 லட்சம் முதல் 10 லட்சம் டாங் வரை அபராதம்; நம் பணத்தில் ஏறத்தாழ 3,000 ரூபாய்.

எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் 2023 ஆகஸ்ட் 15 அன்று வந்தது. அதுவரை நம்பர் பிளேட் வண்டியோடு போகும். அன்றிலிருந்து அது மனிதரோடு போகிறது. வியட்நாம் குடிமகனின் வண்டி எண் அவருடைய அடையாள எண்ணோடு கட்டப்பட்டது. வண்டியை விற்றால் பிளேட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு, 30 நாளுக்குள் பதிவுச் சான்றையும் பிளேட்டையும் காவல் துறையிடம் ஒப்படைக்க வேண்டும். அந்த எண் 5 ஆண்டுகள் அவருக்காகக் காத்திருக்கும். ஒப்படைக்காமல் விற்றால், வாங்கியவர் செய்யும் குற்றத்துக்கும் விற்றவரே பொறுப்பு. மிகச் சரியான சட்டம் என்று நினைக்கிறேன். வண்டிக்கு ஒரு மனிதப் பெயரைக் கட்டாயமாக்கும் சட்டம் அது.

அதே 2023 ஆகஸ்ட் 15 அன்றுதான் வியட்நாம் தன் மின் விசாவை எல்லா நாட்டவருக்கும் திறந்துவிட்டது. 30 நாளாக இருந்த தங்கல் 90 நாளாக நீண்டது. இரண்டும் ஒரே நாளில் நடைமுறைக்கு வந்தன. ஆனால் ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்ளவில்லை. வெளிநாட்டவர் தன் பெயரில் வண்டியைப் பதிய வேண்டுமானால், நிரந்தரக் குடியிருப்பு அட்டையோ தற்காலிகக் குடியிருப்பு அட்டையோ வேண்டும். அதில் இன்னும் ஆறு மாதமாவது மீதமிருக்க வேண்டும். மூன்று மாத விசாவில் வந்தவருக்கு அந்தக் கதவு இல்லை. அவர் வண்டி வாங்குவதை யாரும் தடுக்கப் போவதில்லை, விற்கவும் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பெயரைப் பதிவதற்கு மட்டும் வழி கிடையாது. சட்டப்படி நடக்க நினைக்கும் பயணிகூடச் சட்டத்துக்கு வெளியேதான் நின்றாக வேண்டும்.

குடியிருப்பு அட்டை உள்ளவர்களுக்கும் வேலை எளிதல்ல. அங்கே ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர், தொழிற்சாலைப் பொறியாளர், உணவகம் நடத்தும் நம் நாட்டுக்காரர் எல்லோரும் போக வேண்டிய வழி இதுதான். விற்பனைப் பத்திரத்தைச் சான்றுறுதி அலுவலகத்திலோ உள்ளூர் மக்கள் குழு அலுவலகத்திலோ உறுதிசெய்ய வேண்டும். பதிவு வரி கட்ட வேண்டும். எஞ்சின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் பதிவுக்காக எடுக்க வேண்டும். ஹனோயிலும் ஹோ சி மின் நகரத்திலும் பிளேட்டுக்கான கட்டணமே தனிக் கணக்கு: 2023 அட்டவணைப்படி 1.5 கோடி டாங்குக்கு மேல் 4 கோடி வரை விலையுள்ள மோட்டார் சைக்கிளுக்கு அது 20 லட்சம் டாங்காகவும், அதற்கு மேற்பட்ட விலைக்கு 40 லட்சமாகவும் இருந்தது. சாதாரண ஹோண்டா வேவ் வண்டிக்கே விலையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குப் பிளேட்டுக்குப் போனது. பெரு நகரங்களில் வண்டி பெருகாமல் இருக்க வைத்த கட்டணம் என்பது புரிகிறது. ஆனால் பழைய பெயரிலேயே ஓட்டலாம் என்ற ஆசையை அது வளர்க்கவும் செய்கிறது. இத்தனைக்கும் பிறகு வெளிநாட்டவருக்குக் கிடைக்கும் பிளேட்டில் ‘என்.என்.’ என்ற எழுத்துகள் இருக்கும், தூதரகத்தாருக்கு ‘என்.ஜி.’. சாலையில் போகும்போதே இவர் அயலார் என்று அது அறிவிக்கும். அதற்காகவே கூச்சப்பட்டு மனைவி பெயரிலோ அலுவலக நண்பர் பெயரிலோ வண்டியை எடுப்பவர்கள் உண்டு.

இனி ஓட்டுநர் உரிமத்தைப் பார்ப்போம். இந்தியாவிலிருந்து வியட்நாம் போகிறவர்கள் சில ஆண்டுகளாகப் பெருகிவிட்டார்கள். அவர்களில் பலர் கிளம்பும் முன் பொறுப்பாக வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய், கட்டணம் கட்டி, பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிப் புத்தகத்தை வாங்கிக்கொள்கிறார்கள். டா நாங்கில் இறங்கி, கடற்கரைச் சாலையில் வாடகை ஸ்கூட்டரில் போகும்போது காவலர் நிறுத்தினால், அந்தப் புத்தகம் செல்லாது என்று அப்போதுதான் தெரிய வருகிறது.

காரணம் இதுதான். சாலைப் போக்குவரத்துக்கு உலகில் இரண்டு முக்கிய உடன்படிக்கைகள் இருக்கின்றன. ஒன்று 1949-இல் ஜெனீவாவில் ஆனது. மற்றது 1968-இல் வியன்னாவில் ஆனது. இந்தியா தரும் அனுமதி 1949 உடன்படிக்கையின்படி அச்சாவது. வியட்நாம் 2014-இல் சேர்ந்தது 1968 உடன்படிக்கையில். அதன்படி வந்த அனுமதியை மட்டுமே அது ஏற்கிறது. பிரிட்டனிலிருந்து வருபவர் 1968 அனுமதியோடு அங்கே ஓட்டலாம். இந்தியரும் அமெரிக்கரும் ஆஸ்திரேலியரும் தங்கள் நாட்டுப் புத்தகத்தைக் காட்டி ஓட்ட முடியாது. 125 சிசி வரையுள்ள வண்டியை உரிமம் இல்லாமல் ஓட்டினால் 20 லட்சம் முதல் 40 லட்சம் டாங் அபராதம், அதற்கு மேற்பட்ட வண்டிக்கு 60 முதல் 80 லட்சம். வண்டியையும் பிடித்து வைப்பார்கள். உரிமம் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்ததற்கு வாடகைக்கு விட்டவருக்கும் தண்டனை உண்டு.

அபராதமாவது அந்த இடத்தோடு போகும். காப்பீடுதான் உண்மையான இடி. வியட்நாமில் ஒவ்வொரு மோட்டார் சைக்கிளுக்கும் கட்டாயப் பொறுப்புக் காப்பீடு உண்டு. 50 சிசிக்கு மேற்பட்ட வண்டிக்கு வரியோடு ஆண்டுக்கு 66,000 டாங், நம் பணத்தில் 250 ரூபாயைத் தாண்டாது. அடிபட்ட ஒருவருக்கு 15 கோடி டாங் வரை அது இழப்பீடு தரும். ஆனால் ஓட்டியவரிடம் செல்லத்தக்க உரிமம் இல்லையென்றால் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்ள விதி இடம் கொடுக்கிறது. பயணி ஊரிலிருந்து எடுத்துவந்த பயணக் காப்பீடும் பொதுவாக அதே காரணத்தைச் சொல்லிக் கைவிரிக்கும். பதிவுச் சான்றில் வேறொருவர் பெயர், ஓட்டியவருக்கு உரிமம் இல்லை, காப்பீடு இல்லை, அவருடைய விசா அடுத்த வாரம் முடிகிறது. அடிபட்டவரின் குடும்பம் இந்த நான்கையும் ஒன்றாக எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது. வடக்கே ஹா ஜியாங் மலைப்பாதையில் காவலர்கள் வெளிநாட்டவரை நிறுத்தி உரிமம் கேட்பதைப் பலர் தொல்லை என்று எழுதுகிறார்கள். அந்த வளைவுகளில் பள்ளிக்கு நடந்து போகும் மலைவாழ் குழந்தைகளை நினைத்தால் அது தொல்லையாகத் தெரியாது.

அங்கே நீண்ட நாள் தங்குபவருக்கு நேர்வழி ஒன்று இருக்கிறது. மூன்று மாதத்துக்குக் குறையாத விசாவோ குடியிருப்பு அட்டையோ உள்ளவர், தன் நாட்டு உரிமத்தை வியட்நாமிய மொழியில் மொழிபெயர்த்துச் சான்றுறுதி செய்து, வியட்நாம் உரிமமாக மாற்றிக்கொள்ளலாம். 2025 மார்ச் முதல் இந்த வேலை போக்குவரத்துத் துறையிடமிருந்து காவல் துறையின் கைக்கு மாறியிருக்கிறது. நம் உரிமத்தில் இருசக்கர வண்டிக்கான பிரிவு இருக்க வேண்டும் என்பது முக்கியம். காருக்கு மட்டும் உரிமம் வைத்துக்கொண்டு போகிறவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

இப்போது ஜப்பானுக்கு வருவோம். நம் கையில் உள்ள அதே 1949 புத்தகம், வியட்நாமில் செல்லாதது, ஜப்பானில் செல்லும். ஏனென்றால் ஜப்பான் ஏற்பது 1949-ஐ மட்டும்தான். இறங்கிய நாளிலிருந்து ஓராண்டு ஓட்டலாம். பதிவிலும் ஜப்பான் வேறு மாதிரி. டோக்கியோவில் வேலைக்குப் போன இந்தியர் ஒருவர் 125 சிசி ஸ்கூட்டர் வாங்கினால் போகவேண்டியது தான் வசிக்கும் வார்டு அலுவலகத்துக்கு. கடைக்காரர் கொடுத்த விற்பனைச் சான்றையும் தன் குடியிருப்பு அட்டையையும் நீட்டினால் அங்கேயே பிளேட்டைக் கையில் கொடுத்துவிடுவார்கள்; அதற்குக் கட்டணமும் கிடையாது. 50 சிசி வரை வெள்ளை, 90 வரை மஞ்சள், 125 வரை இளஞ்சிவப்பு. 126 முதல் 250 சிசி வரையுள்ள வண்டிக்குப் போக்குவரத்துக் கிளை அலுவலகம் போக வேண்டும். 250-ஐத் தாண்டினால்தான் ‘ஷாக்கென்’ என்ற கட்டாயத் தகுதிச் சோதனை, புது வண்டிக்கு மூன்றாம் ஆண்டிலும் பிறகு இரண்டாண்டுக்கு ஒருமுறையும். அயலார் என்று காட்டும் தனி எழுத்து எதுவும் பிளேட்டில் இல்லை.

இது சும்மா வந்த எளிமை அல்ல. 2012 ஜூலை 9 வரை ஜப்பானிலும் வெளிநாட்டவர் தனிப் பதிவேட்டில்தான் இருந்தார்கள். குடிமக்களின் வீட்டுவாரிப் பதிவேட்டில் அவர்களுக்கு இடமில்லை. ஜப்பானியரை மணந்து ஒரே வீட்டில் வாழ்ந்தவரின் பெயர்கூட அந்தக் குடும்பத்தின் பதிவுத் தாளில் முறையாக ஏறாது. அன்று அந்தத் தனிச் சட்டத்தை நீக்கி, சட்டப்படி தங்கும் வெளிநாட்டவரை உள்ளூர்க்காரர் இருக்கும் அதே குடியிருப்புப் பதிவேட்டில் சேர்த்தார்கள். வீடு மாறினால் 14 நாளுக்குள் அறிவிக்க வேண்டும் என்பது இருவருக்கும் பொது. ஒரே பதிவேட்டில் பெயர் ஏறிய பிறகு, வண்டிக்கு எந்த நாட்டவர் என்ற கேள்வியே எழுவதில்லை. எங்கே வசிக்கிறார் என்று கேட்டால் போதும். எனக்கு இதுதான் எல்லாவற்றின் வேராகப் படுகிறது.

காப்பீட்டிலும் அதே பார்வை. 1955-இல் வந்த சட்டத்தின்படி ஜப்பானில் கட்டாயக் காப்பீடு அடிபட்டவரைக் காப்பதற்கு என்றே உருவானது. உயிரிழப்புக்கு 3 கோடி யென் வரை, காயத்துக்கு 12 லட்சம் யென் வரை. ஓட்டியவரிடம் உரிமம் இல்லை என்றாலும் அடிபட்டவருக்கு அந்தத் தொகை மறுக்கப்படுவதில்லை; குற்றத்துக்கான தண்டனையை ஓட்டியவர் தனியாக அனுபவிப்பார். இடித்துவிட்டு ஓடியவர் யாரென்றே தெரியாவிட்டாலும் அரசுத் திட்டத்திலிருந்து இழப்பீடு கேட்கலாம். வியட்நாமின் விதியையும் இதையும் அருகருகே வைத்துப் பார்த்தால் எது யாருக்காக எழுதப்பட்டது என்பது தெரியும்.

ஜப்பானைப் புகழ்ந்துவிட்டு அங்கே உள்ள கஷ்டத்தை மறைக்கக் கூடாது. படிவம் எல்லாம் ஜப்பானிய மொழியில். ஊர் திரும்பும்போது பிளேட்டை ஒப்படைத்து வண்டியின் பதிவை நீக்க வேண்டும். அல்லது வாங்குபவர் பெயருக்கு மாற்ற வேண்டும். இதைச் செய்யாமல் கிளம்பியவர்கள் நிறைய. ஏப்ரல் 1 அன்று யார் பெயரில் வண்டி இருக்கிறதோ அவருக்கே அந்த முழு ஆண்டின் வரியும் விழும்; மார்ச் 31 அன்று நண்பரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு விமானம் ஏறியவருக்கும் சேர்த்துத்தான். 125 சிசி வண்டிக்கு அது 2,400 யென்தான், ஆனால் கட்டாத வரியாகப் பெயரில் நிற்கும். ஓராண்டுக்கு மேல் தங்குபவர் உள்ளூர் உரிமத்துக்கு மாற வேண்டும். இந்திய உரிமத்துக்குத் தேர்வில் விலக்கு இல்லை. முன்பு 10 கேள்வியில் 7 சரியாக இருந்தால் போதும் என்றிருந்த எழுத்துத் தேர்வு 2025 அக்டோபர் முதல் 50 கேள்வியாகி, 45 சரியாக வேண்டும் என்று கடுமையாகிவிட்டது. மோட்டார் சைக்கிளுக்கான செய்முறைத் தேர்வில், 30 சென்டிமீட்டர் அகலமும் 15 மீட்டர் நீளமும் உள்ள பலகை மீது விழாமல் மெதுவாகப் போக வேண்டும். சென்னைப் போக்குவரத்தில் இருபதாண்டு ஓட்டியவரும் அந்தப் பலகையில் தடுமாறுவார். உரிமம் வாங்கிய பிறகு இந்தியாவில் மொத்தம் மூன்று மாதமாவது தங்கியிருந்ததைக் காட்டவும் வேண்டும். அதற்குச் சான்று பாஸ்போர்ட்டில் உள்ள முத்திரைகள். பாஸ்போர்ட் புதுப்பித்தவர்கள் பழையதைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பது அதனால் அவசியம்.

இவை கடுமைதான். ஆனாலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. என்ன செய்தால் சட்டத்துக்குள் இருக்கலாம் என்று வெளிநாட்டவருக்குத் தெரியும், செய்ய முடியும். கடினமான விதியை நான் குறை சொல்லவில்லை. நிறைவேற்றவே முடியாத விதிதான் தவறு.

தமிழர்களுக்கு என்றே இன்னொரு சிக்கல் இருக்கிறது, பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஓட்டுநர் உரிமத்தில் ‘கே. செல்வம்’ என்று முன்னெழுத்தோடு இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் முழுதாக விரிந்து ‘கந்தசாமி செல்வம்’ என்றோ, இரண்டும் முதற்பெயர்க் கட்டத்தில் ஏறிக் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாகவோ இருக்கும். குடியிருப்பு அட்டை பாஸ்போர்ட்டைப் பின்பற்றும், மாற்றிய உரிமம் மொழிபெயர்ப்பைப் பின்பற்றும், வங்கிக் கணக்கில் இடம் போதாமல் பாதிப் பெயர் நிற்கும், காப்பீட்டில் அப்பாவின் பெயரே இவர் பெயராகிவிடும். ஐந்து காகிதத்தில் ஐந்து மனிதர்கள். நல்ல நாளில் அலுவலர் சிரித்துவிட்டு முத்திரை வைத்துவிடுவார். விபத்துக்குப் பிறகு இழப்பீட்டுக் கோப்பு பார்ப்பவர் அப்படி விட மாட்டார். உரிமத்தில் இருப்பவரும் காப்பீட்டில் இருப்பவரும் ஒருவரே என்று நிரூபி என்பார். திருமணமாகிக் கணவர் பெயரைப் பாஸ்போர்ட்டில் சேர்த்துக்கொண்ட பெண்களுக்கு இது இரட்டிப்பு வேலை. ஊரைவிட்டுக் கிளம்பும் முன் பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே உரிமத்திலும் பெயரை மாற்றிக்கொள்வது ஒரு வாரத்து அலைச்சல். அதைச் செய்யாமல் போனால் அங்கே மாதக்கணக்கில் அலைய நேரும்.

நம் நாட்டுக்கு வரும் வெளிநாட்டவரை நாம் எப்படி நடத்துகிறோம் என்பதையும் இங்கே கேட்டாக வேண்டும். தில்லி கரோல் பாக் சந்தையில் ராயல் என்ஃபீல்டு வாங்கி இமயமலைக்கு ஓட்டிச் செல்லும் வெளிநாட்டுப் பயணிகள் பல பத்தாண்டுகளாக இருக்கிறார்கள். சுற்றுலா விசாவில் வந்தவருக்கு இங்கே முகவரிச் சான்று இல்லை, அதனால் ஆர்.சி. பழைய உரிமையாளர் பெயரிலேயே இருக்கும். வண்டியோடு கையெழுத்திட்ட படிவங்களையும் ஒரு கடிதத்தையும் கொடுத்து அனுப்புவார்கள். பயணம் முடிந்து திரும்பினால் கடைக்காரரே திரும்ப எடுத்துக்கொள்வார். ஹனோயில் நடப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-வது பிரிவு விற்றவர் 14 நாளுக்குள் அறிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் அறிவிக்க வேண்டும் என்கிறது. நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது: பதிவேட்டில் பெயர் உள்ளவரே உரிமையாளர், வண்டியை எப்போதோ விற்றிருந்தாலும் விபத்துக்கு இழப்பீடு தரும் பொறுப்பு அவருடையது. அடிபட்டவர் ஒவ்வொரு விற்பனையாகத் துரத்திக்கொண்டு அலைய வேண்டியதில்லை என்பதுதான் அந்தத் தீர்ப்பின் நியாயம். சரியான தீர்ப்பு. ஆனால் குலுவுக்குப் போகும் வழியில் ஒரு பயணி செய்த விபத்துக்கு, தில்லியில் வண்டியை விற்றுவிட்டு மறந்துபோன ஒருவர் பதில் சொல்ல வேண்டி வரும். பயணியின் பெயரைப் பதிய நாம் ஒரு வழி வைத்திருந்தால் அது நேராது.

வழி இல்லை என்று எந்த நாடும் சொல்ல முடியாது. ஜெர்மனி செய்து காட்டியிருக்கிறது. அங்கே வண்டியை வாங்கி நாட்டுக்கு வெளியே ஓட்டிச் செல்பவருக்குத் தனி ஏற்றுமதி பிளேட் தருகிறார்கள். பிளேட்டின் ஓரத்தில் சிவப்புப் பட்டை, அதிலேயே அது முடியும் நாளும் அச்சாகியிருக்கும். அந்த நாள் வரைக்குமான காப்பீட்டைக் காட்டினால்தான் பிளேட் கிடைக்கும். ஜெர்மனியில் வீடில்லாதவர் வண்டி பதிய வேண்டுமானால், அரசின் கடிதங்களைத் தன் சார்பில் பெற்றுக்கொள்ள உள்நாட்டில் முகவரியுள்ள ஒருவரை நியமிக்க வேண்டும். பெயர் ஓட்டுபவருடையது, முகவரி இவருடையது என்று இரண்டும் ஏட்டில் இருக்கும். நாடு விட்டுப் போனவரையும் இதனால் தேடிப் பிடிக்க முடிகிறது.

வியட்நாமுக்கு இது பெரிய காரியமே அல்ல. பயணியின் பாஸ்போர்ட் எல்லையிலேயே பதிவாகிறது. விடுதிக்காரர் ஒவ்வொரு இரவும் தங்குபவர் பெயரைக் காவல் துறைக்குத் தெரிவிக்கிறார். வண்டி எண்ணை மனிதரோடு கட்டும் முறையும் ஏற்கெனவே இருக்கிறது. 90 நாள் விசாவோடு சேர்ந்து முடியும் ஒரு 90 நாள் பிளேட், அதற்குள் அடங்கிய காப்பீடு, அதை வாங்கச் செல்லத்தக்க உரிமம் கட்டாயம் என்று வைத்தால், விடுதி வாசல் விற்பனை சட்டத்துக்குள் வந்துவிடும். உரிமம் இல்லாதவருக்கு வண்டி கிடைக்காது. அடிபட்டவருக்கு இழப்பீட்டை மறுக்கும் விதியையும் மாற்றினால்தான் இது முழுமை பெறும்.

நம் பக்கம் செய்ய வேண்டியது இன்னும் எளிது. ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2022 ஆகஸ்டில் பன்னாட்டு அனுமதிப் புத்தகத்தை நாடு முழுக்க ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தது, கியூ.ஆர். குறியீடும் சேர்த்தது. அதே புத்தகத்தோடு எந்த நாடுகளில் இது செல்லும், எங்கே செல்லாது என்ற பட்டியலைத் தமிழிலும் மற்ற மொழிகளிலும் இணைக்க எவ்வளவு செலவாகும்? விண்ணப்பத்தில் எந்த நாட்டுக்குப் போகிறார் என்று எழுதி வாங்குகிறார்கள். வியட்நாம் என்று எழுதியவரிடம் அலுவலர் அப்போதே சொல்லிவிடலாம். உரிமத்தில் உள்ள பெயர் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகாதவருக்கு அதே மேசையில் திருத்தப் படிவத்தைக் கொடுக்கலாம். கரோல் பாக்கில் வண்டி வாங்கும் பயணிக்கு, கடைக்காரரின் முகவரியைப் பொறுப்பு முகவரியாக வைத்து, விசா முடியும் நாளில் முடியும் தற்காலிகப் பதிவைத் தில்லிப் போக்குவரத்துத் துறை தொடங்கி வைக்கலாம். கடைக்காரர்களுக்கு இதில் மறுப்பு இருக்காது என்றே நம்புகிறேன். வண்டி திரும்பி வரும் வரை இன்று அவர்களும் வேறு யாரோ ஒருவரின் பெயரைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.